பூசை இலையும் பழைய மழையும்

இந்த முக்காலியை விட்டு எழுந்திருக்கக் கூடாது, எதையும் தொடக் கூடாது, தலையில் எண்ணெய் வைத்திருப்பதால் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் வரவே கூடாது என்று மருமகள் செண்பகா சொல்லிவிட்டு உள்ளே போயிருக்கிறாள், நானும் கையை மடியில் வைத்துக்கொண்டு, வகுப்பில் தண்டனை வாங்கியவன் போல உட்கார்ந்திருக்கிறேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மெஷின் ஓடுகிறது. ஓடுகிறது என்றுதான் இங்கே சொல்கிறார்கள், பார்த்தால் ஒன்றும் ஓடவில்லை, பீரோ மாதிரி நிற்கிறது, அடிவயிற்றில் ஒரு இரைச்சல் மட்டும். பக்கத்துத் திரையில் ஒரு கோடு இடமிருந்து வலமாக ஊர்ந்து வருகிறது, எறும்பு போகிற வேகத்தில். இப்போதைக்கு அது தரையோடு தரையாகத்தான் போகிறது. இனிமேல்தான் எழும்பும் என்றாள். எழும்பி அடங்கி, கடைசியில் ஒரு எண் வரும், அந்த எண்ணைப் பார்த்தால் தெரிந்துவிடும் என்றாள், பழனி மலைச் சதுப்பில் பல ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் பெரிய மழைக்காலம் ஒன்று இருந்ததா, இல்லை அந்த மழை முழுக்க நான் கொண்டுவந்த வாழை இலைதானா என்று. இதைச் சொல்லும்போது சிரித்தாள். சிரித்துவிட்டு கையுறையை மாட்டிக்கொண்டு கை கழுவப் போகிறவள் மாதிரி விரல்களை விரித்துப் பிடித்தபடி போனாள். அவள் சிரித்தது எனக்காக. உள்ளே போனதும் முகம் மாறியதைக் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். அங்கே போயும் கை சும்மா இருந்துச்சா உங்களுக்கு, என்கிறாள் என் வீட்டுக்காரி ஆவுடை, எனக்குள்ளிருந்து. போய்ச் சேர்ந்து இரண்டு தீபாவளி ஆகிறது, வாய் மட்டும் போகவில்லை.

இலை என்றால் எனக்கு எல்லாம் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன், அதுதான் வினை. நாற்பது வருஷத்துக்கு மேல் ஏரலில் இலை மண்டி. எட்டாம் வகுப்போடு படிப்பு நின்றது, அப்புறம் படித்ததெல்லாம் பொட்டலம் மடித்து வந்த காகிதத்திலும் நூலகத்திலும்தான். நாட்டு வாழை இலை எது, கற்பூரவல்லி இலை எது என்று கண்ணை மூடிக்கொண்டு தடவிச் சொல்வேன். கட்டைப் பிரித்து அடுக்கினால் சட்டையெல்லாம் வெள்ளையாக ஒரு மாவு ஒட்டும், இலையின் அடிப்பக்கத்து மாவு, ஆவுடை துவைக்கும்போது திட்டுவாள், இது என்ன இலைக்கடையா பவுடர் கடையா என்று. அந்த மாவு மெழுகு என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. இலையில் ரசத்தை ஊற்றினால் உருண்டு ஓடுகிறதே, அது எதனால் என்று நாற்பது வருஷம் நான் கேட்கவும் இல்லை. கல்யாணம் ஆகி வந்த புதிதில் செண்பகா ஒரு நாள் சாப்பிட்டு முடித்த இலையை மூடாமல் உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தாள், பெண்ணுக்கு ஏதோ கோபம் என்று வீடே பயந்துவிட்டது, அப்புறம்தான் சொன்னாள். எல்லா இலைக்கும் மேலே மெல்லிசாக மெழுகு உண்டு மாமா, இலை உதிரும், மக்கும், ஒன்றுமில்லாமல் போகும், மெழுகு மட்டும் போகாது, மழையில் அடித்துக்கொண்டு போய்ச் சதுப்புச் சேற்றில் படியும், அதன் மேல் அடுத்த வருஷத்துச் சேறு, அதன் மேல் அடுத்தது. சேற்றைக் குழாய் விட்டு எடுத்தால் புட்டுக்குழாயிலிருந்து தள்ளிய புட்டு மாதிரி உருளையாக வரும், அடியில் இருப்பது பழையது. மரம் எந்த மழையைக் குடித்ததோ அந்த மழைத் தண்ணீரைக் கொண்டுதான் மெழுகைச் செய்கிறது, ஆகவே மெழுகைக் கேட்டால் மழையைச் சொல்லிவிடும். அதில் ஒன்று எனக்கு ரொம்ப நாள் பிடிபடவில்லை. கொட்டித் தீர்க்கிற பெருமழையின் தண்ணீர் லேசு, வறண்ட காலத்தில் அங்கொன்றும் இங்கொன்றுமாக விழுகிற தண்ணீர் கனம். தலைகீழாக அல்லவா இருக்கிறது என்றேன். கனமான துளியெல்லாம் முதலில் இறங்கிவிடும் மாமா, மழை நின்று பெய்யப் பெய்ய லேசானதுதான் மிச்சம் என்றாள். கொஞ்சமாக அழுதால் தொண்டை கனக்கிறது, ஓவென்று அழுதுவிட்டால் லேசாகிவிடுகிறது, அது மாதிரியா என்று கேட்க நினைத்தேன், கேட்கவில்லை, மருமகளிடம் போய் அழுகையைப் பற்றி என்ன பேச்சு.

கோடு லேசாகத் துடித்தது. இல்லை, துடிக்கவில்லை, என் கண்தான். போன புரட்டாசிக் கடைசியில் இதே இடத்தில், அப்போது என்னைக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் விட்டிருந்தார்கள், ஆயுத பூசை. மெஷினைப் பார்த்துக்கொள்கிறவர் லூர்து. வருஷா வருஷம் பூசைக்கு ஓடியாடுகிறவரும் அவர்தான், முந்தின நாளே பொரி கடலை வாங்கி, மெஷினைத் துடைத்து, சந்தனம் குழைத்து நெற்றி எது என்று யோசித்துப் பொட்டு வைப்பார். ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போகிற ஆளாயிற்றே நீங்கள் என்று கேட்டதற்கு, நான் கும்பிடுறது வேற அண்ணாச்சி, இது கும்பிடுறது வேற, பூசை பண்ணாத வருஷம் ஒரு மாசம் மொறைச்சுக்கிட்டு நின்னுச்சு என்றார். அன்றைக்கு நான் இலை கொண்டுவந்தேன். மருமகள் வேலை செய்கிற ஆராய்ச்சிக்கூடத்துக்கு முதல்முறை போகிறோம், வெறும் கையோடு போகலாமா, ஏரலில் பழைய தோட்டக்காரரிடம் சொல்லி, ஆற்றுப் பாய்ச்சலில் நின்ற வாழையில் தலைவாழை இலையாகப் பார்த்து, கிழிசல் இல்லாமல், மதுரை வரை பஸ்ஸில் குழந்தை மாதிரி மடியில் வைத்துக் கொண்டுவந்தேன். அவ்வளவு நீள இலையை அவர்கள் பார்த்ததில்லை. மேசையில் பாதிக்கு மேல் பிடித்துக்கொண்டது. லூர்து நுனியை நமக்கு இடது பக்கமாகப் போட்டார். நான் விட்டேனா? சாப்பிடுகிறவருக்கு இடது பக்கம்தான் நுனி வர வேண்டும், இங்கே சாப்பிடப் போவது யார், மெஷின், அது நம்மைப் பார்த்து நிற்கிறது, ஆகவே அதற்கு இடது என்றால் நமக்கு வலது என்றேன். லூர்து மெஷினையும் இலையையும் மாறி மாறிப் பார்த்தார். நாயந்தான் அண்ணாச்சி என்றார். தண்ணீர் தெளித்துத் துடைத்த இலையைத் தூக்கி, ஒரு உதறு உதறி, நானே திருப்பிப் போட்டேன். எல்லாரும் கை தட்டினார்கள். நுனி போய் மேசையின் வலது ஓரத்தில் ஒரு தட்டின் மேல் கவிந்தது. அந்தத் தட்டில் செண்பகாவின் சின்னக் கண்ணாடிக் குப்பிகள், சதுப்பு மண்ணைக் காயவைத்துப் பொடித்து நிறுத்துக்கொண்டிருந்தவள் பூசைக்குக் கூப்பிட்டார்கள் என்று பாதியில் எழுந்து வந்திருந்தாள். எல்லாக் குப்பிக்கும் மூடி இருந்தது, ஒன்றைத் தவிர.

அது அப்போது யாருக்கும் தெரியாது. தை மாசம் அந்த ஒரு குப்பி மண்ணிலிருந்துதான் மழை வந்தது. மேலேயும் கீழேயும் வறட்சி, புல், புல், வறட்சி, நடுவே இந்த ஒரு மண்ணில் மட்டும் மரத்து மெழுகு, லேசான தண்ணீர், கொட்டோ கொட்டென்று கொட்டியிருக்கிறது. அப்போது நான் மதுரையில் செண்பகாவோடு வந்து தங்கியிருந்தேன், அன்றைக்கு அவள் வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றாமலே, மாமா மழை மாமா என்றாள். நான் மாடியில் வடகம் காய்கிறதே என்று ஓடினேன். அவளுடைய பேராசிரியருக்குத் தலைகால் புரியவில்லையாம், அவள் பட்டத்துக்கு எழுதுகிற ஆய்வேட்டில் நாலாம் அத்தியாயமே இதுதான் என்று சொல்லிவிட்டார், அந்த மலையில் சோலை முன்பே இருந்ததா, மனுஷன் வந்துதான் வெட்டிப் புல்லாக்கினானா என்று ரொம்ப காலமாகச் சண்டையாம், மழை வந்தபோது மரம் வந்தது, மழை போனபோது மரமும் போனது, மனுஷனுக்கு இதில் வேலையே இல்லை என்று இந்த ஒரு மண் சொல்கிறதாம். மாசியில் ஒரு கூட்டத்தில் யாரோ ஒரு வயசான அம்மாள் எழுந்து, ஒரே ஒரு புள்ளியா, மேலே கீழே ஒன்றும் இல்லையா என்று மட்டும் கேட்டுவிட்டு உட்கார்ந்திருக்கிறார். அன்று ராத்திரி செண்பகா செல்போனில் பழைய படங்களைத் தள்ளிக்கொண்டே வந்தாள், ஆயுத பூசைப் படம் வந்தது, மெஷினுக்குப் பொட்டு, நான் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பெருமையாக நிற்கிறேன், என் கைக்குக் கீழே இலை நுனி, நுனிக்குக் கீழே தட்டு. படத்தை விரலால் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தாள். பிறகு சிரிக்க ஆரம்பித்தாள். நெடுநேரம் சிரித்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, மாமா, அந்த மழை உங்க இலையா இருக்குமோ என்றாள். நான் அன்றைக்குச் சாப்பாட்டை இலையில் போடாதே, தட்டில் போடு என்றேன். வேறு என்ன சொல்வது. வைகாசிக்குள் எழுதிக் கொடுத்தாக வேண்டும், இனி நீட்டித் தர மாட்டார்கள், ஏற்கெனவே ஒரு வருஷம் நீட்டி வாங்கியிருந்தாள், அந்த வருஷம் முழுக்க அவள் ஆஸ்பத்திரியில் இருந்தாள், ஆவுடையின் கட்டிலுக்குப் பக்கத்தில். மகன் நாயகத்துக்குப் பூனாவில் லீவு கிடைக்கவில்லை. நான் ஆண்பிள்ளை, பெண்கள் வார்டில் பார்வை நேரத்துக்குத்தான் விடுவார்கள். மாமியாருக்கு ஒரு வருஷம் கொடுத்தாள், மாமனார் வந்து ஒரு இலையைத் திருப்பிப் போட்டு மிச்சத்தையும் வாங்கிக்கொண்டார் என்று ஆகிவிடக் கூடாது, அவ்வளவுதான், வேறொன்றும் வேண்டாம், அந்த மழை மழையாக இருந்தால் போதும்.

முதல் முகடு. எழும்பியது, சின்னதாக, ஈசல் புற்று மாதிரி. அடங்கியது. இது இல்லை என்று நினைக்கிறேன், பெரியது சின்னது பெரியது சின்னது என்று ரம்பப் பல் மாதிரி வரும் என்றாள், இலை மெழுகு என்றால் அப்படித்தான் வருமாம், பெட்ரோல் மெழுகு என்றால் எல்லாம் ஒரே உயரம். என் இலையைப் போன வாரமே ஓட்டிவிட்டார்கள், அதே தோட்டத்திலிருந்து அதே மாதிரி இலை, ஒரு துண்டு, இந்த முறை அலுமினியத் தாளில் சுற்றிக் கொண்டுவந்தேன். மலை மழையில் வருகிற ஆற்றுத் தண்ணீரைக் குடித்த வாழை, அதன் மெழுகும் லேசுதானாம், அதன் எண் உள்ளே பலகையில் எழுதியிருக்கிறது, எண்ணுக்குப் பக்கத்தில் லூர்து ‘அண்ணாச்சி’ என்று எழுதி வைத்திருக்கிறார். இப்போது ஓடுவது மலை மண், ஆனால் அந்தக் குப்பி மண் இல்லை. சேற்று உருளையை முருங்கைக்காய் கீறுகிற மாதிரி நீளவாக்கில் இரண்டாகக் கீறி, ஒரு பாதியை வேலைக்கு எடுத்துக்கொண்டு மறு பாதியைத் தொடாமல் குளிர் அறையில் வைத்துவிடுவார்களாம், எப்போதுமே அப்படித்தானாம். பூசை அன்றைக்கு மறு பாதி அந்த மேசைப் பக்கமே வரவில்லை. இரண்டும் ஒன்றையே சொன்னால் மழை உண்மை. எவ்வளவு நல்ல ஏற்பாடு. எல்லாவற்றுக்கும் ஒரு மறு பாதி குளிரில் இருந்தால். மனுஷனுக்கு அப்படி இல்லை. மனுஷன் ஒரே பாதியை வைத்துக்கொண்டு அதையே எடுத்து எடுத்துப் பார்த்து, பார்க்கும்போதெல்லாம் கை மெழுகு ஒட்டி, நேற்றைய தூசி விழுந்து, எது எப்போது விழுந்தது என்று யார் கண்டது.

அந்தக் குடை. அதை நினைக்கக் கூடாது என்றுதான் வந்தேன். ஐப்பசி, ஏரல் மண்டி, விடிந்தும் விடியாத நேரம், அடைமழை, இலைக்கட்டுகளை வரிசையாகப் போட்டு ஏலம் கூறிக்கொண்டிருக்கிறோம், எல்லார் தலையிலும் சாக்கு. பாலத்துப் பக்கமிருந்து ஆவுடை வருகிறாள். பச்சைச் சேலை, அவள் அப்பாவின் பெரிய கறுப்புக் குடை. பொம்பிளைகள் மண்டிக்கு வருவதில்லை, ஆகவே ஏலம் நின்றுவிட்டது, அத்தனை பேரும் பார்க்கிறார்கள். நேராக என்னிடம் வந்தாள், குடையை என் தலைக்கு மேலே பிடிக்கப் போகிறாள் என்று நான் கொஞ்சம் குனிந்தேன், குனிந்ததை அத்தனை பேரும் பார்த்தார்கள், அவள் என்னைத் தாண்டிப் போய் இலைக்கட்டுக்கு மேலே பிடித்தாள். மண்டியே சிரித்தது. யாரோ, அண்ணாச்சிக்கு இல்லையாம்டே, இலைக்குத்தானாம் என்றார்கள். அதற்கு அவள் சொன்னாள்: "காத்துல இலை கிழிஞ்சா வெலை போவாது. இவரு கிழிஞ்சா தைச்சுக்கிடலாம்." இந்த ஒரு காட்சியை வைத்துக்கொண்டுதான் நான் அவள் இல்லாத முதல் பதினாறு நாளையும் கடந்தேன். பதினாறாம் நாள் பந்தி முடிந்து சொந்தக்காரர்கள் உட்கார்ந்திருந்தபோது இதைச் சொன்னேன், வாழ்க்கையில் முதல்முறையாக நாலு பேர் கேட்கச் சொன்னேன், எல்லாரும் சிரித்தார்கள், நாயகம் சிரிக்கவில்லை. அப்பா, அம்மா மண்டிப் பக்கமே வந்ததில்லையே, அந்தப் பச்சைச் சேலை என் கல்யாணத்துக்கு எடுத்ததுல்லா என்றான். அவன் பொய் சொல்கிறவன் இல்லை. சேலை அவன் கல்யாணத்துக்கு எடுத்ததுதான், கடையில் நானும் கூட இருந்தேன், அவள் தலைப்பை விரித்துக் காட்டி இலை நிறம்னு எடுத்தேன், உங்களுக்குப் பிடிக்குமே என்றாள். அப்படியானால் மண்டியில் அவள் கட்டியிருந்தது எது? சேலை பொய் என்றால் குடை? குடை பொய் என்றால் அந்தச் சொல்? ஒரு நூலை இழுத்தால் மொத்தமும் வந்துவிடும் போலிருக்கிறது, ஆகவே இழுக்கக் கூடாது, இழுக்காமலும் இருக்க முடியவில்லை. அன்றைக்கு மழையே பெய்யவில்லையோ. அவள் வரவே இல்லையோ. அவள் வந்திருந்தால் நன்றாக இருக்கும் என்று நான் ஒரு நாள் சாக்கைப் போர்த்திக்கொண்டு நினைத்தேனோ, அந்த நினைப்புத்தான் இத்தனை வருஷத்தில் முற்றிப் போய்க் காட்சியாகிவிட்டதோ. கேட்கலாம் என்றால் கேட்க வேண்டியவள் இல்லை. உள்ளிருந்து பேசுகிறாளே, அவளிடம் கேட்டால், ஆமா வந்தேன், தங்கத் தேர்ல வந்தேன் என்கிறாள். அவளும் என் பாதியில் இருப்பவள்தானே, எனக்குத் தெரிந்ததுதான் அவளுக்கும் தெரியும்.

லூர்து டீ கொண்டுவந்தார், கண்ணாடிக்கு இந்தப் பக்கமாகவே நின்று குடித்தோம், உள்ளே கொண்டுபோகக் கூடாது. என்ன அண்ணாச்சி, ஆஸ்பத்திரியில பிரசவத்துக்குக் காத்திருக்கிற மாதிரி இருக்கீங்க என்றார். நான், ஒருவேளை அது என் இலைதான் என்று வந்துவிட்டால் என்ன ஆகும் என்று கேட்டேன். ஒன்னும் ஆகாது, அடுத்த வருஷம் தட்டுல பொரி வைப்போம் என்றார். பிறகு டம்ளரைப் பார்த்துக்கொண்டு, நான் போட்ட மாதிரியே விட்டிருக்கலாம்ல என்றார், கொஞ்சம் பொறுத்து, ஆனா நீங்க சொன்னது நாயந்தான், அதுக்கு இடது அந்தப் பக்கந்தான் என்றார். நல்ல மனுஷன். கோடு எழும்பிவிட்டது. இந்த முறை நிஜமாகவே, பெரிது, அப்புறம் சின்னது, அப்புறம் அதைவிடப் பெரிது, எங்கள் ஊர்ப் பக்கம் பொதிகையைப் பஸ்ஸிலிருந்து பார்த்தால் ஒன்றன் பின் ஒன்றாக வருமே, அந்த மாதிரி. எத்தனையோ ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் ஒரு இலை. அதை யாரும் கட்டுக் கட்டவில்லை, ஏலம் கூறவில்லை, அதில் யாரும் சாப்பிடவில்லை, உதிர்ந்தது, அவ்வளவுதான், அது குடித்த தண்ணீர் இன்றைக்கு மதுரையில் ஒரு திரையில் மலையாக எழும்புகிறது. டீ ஆறிவிட்டது. செண்பகா உள்ளே திரைக்கு முன்னால் நிற்கிறாள், கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, உறை போட்ட விரல்கள் ஒன்றையொன்று பிசைகின்றன. ஆவுடையின் கட்டிலுக்குப் பக்கத்திலும் இப்படித்தான் நிற்பாள், டாக்டர் சீட்டைப் படித்து முடிக்கும் வரைக்கும். அவள் முதுகைப் பார்த்தால் ஒன்றும் தெரிவதில்லை. மழையாக இருக்கட்டும். என் இலையாக இருக்க வேண்டாம். மலைகள் குறைந்து குறைந்து தரையானது. கோடு நின்றது. அவள் குனிந்தாள், பலகையைப் பார்த்தாள், ஒரு காகிதத்தை எடுத்துக் கணக்குப் போட்டாள், அடித்தாள், மறுபடி போட்டாள். லூர்து போய் எட்டிப் பார்த்தார். பிறகு அவள் உறையைக் கழற்றிவிட்டு வெளியே வந்தாள், முகத்தில் என்ன இருக்கிறது என்று எனக்குப் படிக்கத் தெரியவில்லை, சிரிப்புக்கும் அதற்கு முந்தினதுக்கும் நடுவில் ஏதோ ஒன்று.

"மழைதான் மாமா," என்றாள். "ஆனா அவ்வளவு பெரிய மழை இல்லை." எனக்குப் புரியவில்லை. இன்னொரு முக்காலியை இழுத்துப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள். மறு பாதி மண்ணும் லேசான தண்ணீரைத்தான் சொல்கிறது, மேலேயும் கீழேயும் இருக்கிற மண்ணைவிட நல்ல மழை, சந்தேகம் இல்லை, ஆனால் முதல் குப்பி சொன்ன அளவு இல்லை, அதில் ஏறக்குறையப் பாதி. "அப்போ மீதிப் பாதி?" என்றேன். "மீதி நீங்க," என்றாள், அப்போதுதான் சிரித்தாள், இந்தச் சிரிப்பு எனக்காக இல்லை, அவளுக்காகவே சிரித்தாள். அத்தியாயம் என்ன ஆகும் என்று கேட்டேன். இருக்கும், பெருமழை என்று எழுதினதையெல்லாம் அடித்துவிட்டு நல்ல மழை என்று எழுத வேண்டும், மரமா புல்லா என்று பார்க்கிற ஓட்டம் நாளைக்கு, அதுவும் இந்தப் பாதியிலிருந்தே, பேராசிரியருக்குக் கொஞ்சம் வருத்தமாகத்தான் இருக்கும், ஆனால் இனிமேல் எந்த அம்மாள் எழுந்து கேட்டாலும் பதில் சொல்லலாம் என்றாள். பூசை இலை விழுந்ததையும் மறைக்காமல் எழுதிவிடப் போகிறாளாம். லூர்து, அண்ணாச்சி பேரும் வருமா என்று கேட்டார். வராமலா, என்றாள் அவள். போங்க, கடைசியில அச்சுல ஏறிட்டீங்க, என்றாள் ஆவுடை.

நான் எழுந்திருக்கவில்லை. எழுந்திருக்கலாம் என்று சொன்ன பிறகும் முக்காலியிலேயே இருந்தேன். மறு பாதி என்று அவள் சொன்னது நெஞ்சில் எங்கேயோ இடறிக்கொண்டிருந்தது. ஆஸ்பத்திரியில் பார்வை நேரத்துக்குத்தான் என்னை விடுவார்கள். மீதி நேரமெல்லாம் அங்கே இருந்தது யார்? ஒரு வருஷம், பகலும் ராத்திரியும், வாய் ஓயாத ஒருத்தியும் காது கொடுக்கிற ஒருத்தியும். எனக்கு ஏன் இது இத்தனை நாள் தோன்றவில்லை, தோன்றியிருக்கும், பயமாக இருந்திருக்கும். பதினாறாம் நாள் நான் அந்தக் கதையைச் சொன்னபோது இவள் அடுப்படியில் பாத்திரத்தோடு இருந்தாள், கேட்டிருக்க முடியாது. கேட்டுவிட்டால் இல்லை என்று வந்துவிடலாம். ஆனால் இவளும் இப்போதுதானே மண்ணிடம் கேட்டாள், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு. ஏம்மா, என்றேன். உங்க அத்தை மண்டிக்கு வந்ததைப் பத்தி உங்கிட்ட எப்பவாவது ஏதாவது, என்று ஆரம்பித்து நிறுத்தினேன்.

"குடை கதையா?" என்றாள் செண்பகா.

அவள் பாட்டுக்குக் கையில் ஒட்டிய உறை மாவைத் தட்டிக்கொண்டே சொன்னாள், ஆஸ்பத்திரியில் ஊசி போட வருகிறபோதெல்லாம் அத்தை அதைத்தான் சொல்வாளாம், நர்சுகளுக்கெல்லாம் தெரியுமாம். அத்தை மண்டிக்குள்ளே வரவில்லை, வெளியே லாரி நிற்கிற இடம் வரைக்கும்தான் வந்தாள், நான் பூட்டுச் சாவியை வீட்டிலேயே வைத்துவிட்டு வந்துவிட்டேனாம், அதைக் கொடுக்க வந்தாள், நாயகம் அப்போது பிறக்கவில்லை. குடை கம்பி ஒடிந்த குடை. ஒரு கையில் சாவி, ஒரு கையில் தூக்குச்சட்டி, குடையை எங்கே வைக்க என்று தெரியாமல் பக்கத்தில் இருந்த இலைக்கட்டு மேல் விரித்தபடியே வைத்திருக்கிறாள், லாரிக்காரர்கள் நாலு பேர் சிரித்திருக்கிறார்கள். எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்னுச்சு தாயி, ஏதாவது சொல்லணுமேன்னு வாயில வந்ததைச் சொல்லிட்டேன் என்பாளாம். "என்ன சொன்னாளாம்?" என்றேன். செண்பகா ஆவுடை மாதிரியே கழுத்தைக் கொஞ்சம் ஒடித்துக்கொண்டு சொன்னாள். "இவரு கிழிஞ்சா தைச்சுக்கிடலாம்னு." சொல்லிவிட்டு என்னைப் பார்த்தாள், பார்த்துவிட்டு லூர்துவிடம் ஏதோ கேட்க வேண்டும் என்று உள்ளே திரும்பிக்கொண்டாள். நல்ல பெண்.

அழுகை ஓவென்று வரவில்லை, கொஞ்சமாகத்தான் வந்தது, ஆனால் கனக்கவில்லை. இவள் சொன்ன கணக்கு எல்லாவற்றுக்கும் பொருந்தாது போலிருக்கிறது. கண்ணாடிக்கு இந்தப் பக்கமிருந்தே கேட்டேன், அன்றைக்கு மழை பெய்ததாகச் சொன்னாளா என்று. மழையா, தூறல்னுதான் அத்தை சொன்னாங்க மாமா, என்றாள் உள்ளேயிருந்து. தூறல். பரவாயில்லை, தூறலும் வானத்திலிருந்துதான் விழுகிறது. மண்டி இல்லை, லாரி நிற்கிற இடம். நூறு பேர் இல்லை, நாலு பேர். அவ்வளவுதான் இருந்திருக்கிறது, ஆனால் இருந்திருக்கிறது. சேலை நிறம் ஏதாவது, என்று கேட்க வாயெடுத்துவிட்டு நிறுத்திக்கொண்டேன். பச்சை அன்றைக்கு உள்ளது இல்லை, பின்னால் நானே எடுத்துத் திருப்பிப் போட்டது, எனக்குத் தெரியும். லூர்து டம்ளர்களை எடுக்க வந்தார், நான் எழுந்து வேட்டியை உதறிக் கட்டினேன், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பலகையில் என் இலையின் எண் அப்படியே இருந்தது, யாரும் அழிக்கவில்லை, இலை நிறம்னு எடுத்தேன் என்று தலைப்பை விரித்துக் காட்டினாளே, அந்தச் சேலையிலேயே அவள் தூறலில் பாலத்துப் பக்கமிருந்து வந்துகொண்டிருக்கிறாள், வரட்டும்.